வாட்டர் சர்வீஸ் தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு காரை ஹோஸ் பைப் பிடித்துக் கழுவினால் எளிதாக 150 லிட்டர் தண்ணீர் ஓடிவிடும். மண், ஆயில், கிரீஸ், ஷாம்பூ, பிரேக்கிலிருந்து உதிர்ந்த செம்புத் துகள் என எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அது பல ஊர்களில் தெருச் சாக்கடைக்கோ பின்பக்கத்துக் காலிமனைக்கோதான் போகிறது. காலிமனையில் இறங்கினால் அடுத்தது பக்கத்து வீட்டுக் கிணறு.

"ஆயில் பிரிக்கத் தொட்டி கட்டியிருக்கிறோமே" என்பார்கள். கார் கழுவிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மறுநாள் பாருங்கள். அடியில் மண், மேலே மெல்லிய ஆயில் படலம், நடுவில் தெளியாத சாம்பல் நிறம். ஷாம்பூ ஆயிலில் ஒரு பகுதியை நுண்துளிகளாக உடைத்துவிடுவதால் அந்தப் பகுதி மிதப்பதில்லை. தொட்டியால் பிடிக்க முடியாத இந்த நடுப்பகுதிக்குத்தான் சவ்வு வடிகட்டல் தேவை.

அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வின் துளைகள் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரைதான். மண்ணையும் மிதக்கும் ஆயிலையும் முதலில் நீக்கிவிட்டுத் தண்ணீரை அழுத்தத்தில் செலுத்தினால், நுண்துளி ஆயில் சவ்விலேயே நின்றுவிடும். கரைந்த உப்பும் சோப்பில் ஒரு பங்கும் தப்பிவிடும். எனவே இந்தத் தண்ணீரை முதல் கழுவலுக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுக்கலாம். கிருமிநீக்கம் கட்டாயம்; ஏனென்றால் பிரஷர் கன் கிளப்பும் சாரலைத் தொழிலாளிதான் மூச்சில் இழுக்கிறார்.

எனக்குப் பெரிய கவலை, சவ்வில் தேங்கும் அடர்கழிவு. அதை ராத்திரியில் சாக்கடையில் ஊற்றினால் வடிகட்டும் இயந்திரம் வாங்கிய காசு வீண். ஆயில் சேறு 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, மாசு கலந்த நீரை ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதற்குத் தடை உண்டு. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடையில் 20 மில்லிகிராம் என்பதே வரம்பு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது, நம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில்தான்.

உங்கள் தெருவில் வாட்டர் சர்வீஸ் நிலையம் ஒன்று இப்படிக் கழிவுநீரை விட்டால், தேதியுடன் படம் எடுங்கள்; கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்து எண்ணெய், கிரீஸ் அளவை எழுத்தில் வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அந்த நிலையத்துக்கு வாரியத்தின் இசைவாணை உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிடும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. அசையவில்லையென்றால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம்: பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் வழக்கு, இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு.