வெந்நீருக்கும் அளவுண்டு

மலைகள் சூழ்ந்த தருமபுரி மாவட்டத்தின் மார்கழிக் குளிர், வெந்நீரை இன்றியமையாததாக்குகிறது. விறகடுப்பில் காய்ந்த நீரைக் கைதொட்டு விளாவிய வீடுகள் பலவற்றில் இன்று மின்சார வெந்நீர்க்கலன் உள்ளது. அதன் வெப்பநிலையை எவ்வளவாக வைப்பது?

அமெரிக்க ஆய்வாளர்கள் மோரிட்சு, என்ரிக்கசு ஆகியோர் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் ஏறத்தாழ ஐந்து நொடிகளில் தோலை வேகச் செய்யும். 49 பாகையில் அதே புண் உண்டாகச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளின் மென்தோல் இன்னும் விரைவில் வெந்துவிடும்.

எனினும், வெப்பத்தை மிகக் குறைப்பதும் தீங்கே. 20 முதல் 45 பாகை வரையிலான தேங்கிய நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிரி பெருகும். 60 பாகையில் அது மடியும். அதற்கு மேலும் வெப்பத்தைக் கூட்டினால், இம்மாவட்டத்தின் கடினத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ண உப்பு சூடேற்றும் கம்பியில் விரைந்து படியும்; மின்செலவு பெருகும்.

எனவே, கலனுக்குள் 60 பாகை போதும். உடலில் படும் நீர் அதனினும் மிகக் குறைந்த வெப்பமுடையதாதல் வேண்டும். வாளியில் முதலில் தண்ணீர், பின்னரே வெந்நீர். கலக்கித் தொட்டறிந்த பிறகே குளியல். கைதொட்டு விளாவிய பழைய வழக்கம் இன்றும் காக்கும்.