மாலத்தீவுப் பயணம்: விசா இலவசம், நிபந்தனைகள் உண்டு



மும்பையிலும் பெங்களூரிலும் ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்த நம் குடும்பங்களில் சில, விடுமுறைக்கு மாலத்தீவுக்குச் செல்ல விரும்புகின்றன. “அங்கே விசா வேண்டாம், டிக்கெட் இருந்தால் போதும்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதியே உண்மை. முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் மாலே அருகிலுள்ள வேலானா விமான நிலையத்தில் இறங்கிய பின்னரே அனுமதி கிடைக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றாதவரைத் திருப்பி அனுப்பும் உரிமை குடியேற்ற அதிகாரிக்கு உண்டு. பல மாதச் சேமிப்பு அங்கே வீணாகலாமா?

முதலாவது, பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அது குறைந்தது ஒரு மாதமாவது செல்லத்தக்கதாயிருக்க வேண்டும். ஆறு மாதம் இருப்பது நலம். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும். சிறு பிள்ளைகளுடையதோ 5 ஆண்டுகளே. ஒரே நாளில் எடுத்திருந்தாலும் பிள்ளையுடையது முந்தி முடிந்துவிடும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் அவசியம்.

இரண்டாவது, திரும்பி வருவதற்கான டிக்கெட்டும், தங்கும் இரவுகள் அனைத்துக்குமான விடுதிப் பதிவும் கையில் இருக்க வேண்டும். செலவுக்குப் போதிய பணம் உண்டென்றும் காட்ட வேண்டும்.

மூன்றாவது, ‘இமுகா’ என்னும் பயணி அறிவிப்புப் படிவம். போகும்போதும் திரும்பும்போதும், விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்திற்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமில்லை, பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதிருங்கள்.

வேலை தேடும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. “சுற்றுலாவாகப் போய் இறங்கு, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் இணங்காதீர்கள். சுற்றுலா அனுமதியில் சம்பளத்திற்கு உழைப்பது சட்டமீறல். வேலைக்கான அனுமதியை முதலாளி நீங்கள் புறப்படுமுன்னரே பெற வேண்டும். அது இல்லாமல் சென்றவர் பிடிபட்டால் நாடு கடத்தப்படுவார். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பணமோ குடும்பத்தின்மேல் பாரமாய் நிற்கும்.

விசுவாசிகள் அறிய வேண்டியது இன்னொன்று. மாலத்தீவு இஸ்லாமிய நாடு. மதுவையும் பன்றி இறைச்சியையும் வழிபாட்டுச் சிலைகளையும் கொண்டுசெல்லத் தடை உண்டு. அறைக்குள் தனியாக ஜெபிக்கலாம். ஆனால் வெளியரங்கமாக ஆராதனை நடத்தவோ, கைப்பிரதி கொடுக்கவோ, அந்நாட்டாரிடம் வேறு மதத்தைப் போதிக்கவோ சட்டம் இடந்தராது. சபையில் மீந்த கைப்பிரதிகள் பெட்டியில் கிடக்கின்றனவா என்று பார்த்து, வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். சுற்றுலா என்று சொல்லி உள்ளே போகிறவர் சுற்றுலாப் பயணியாகவே நடந்துகொள்வதுதான் உண்மை.

விதிகள் மாறக்கூடியவை. ஆதலால் டிக்கெட் எடுக்குமுன் மாலத்தீவுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். தாள்களையெல்லாம் ஒரே உறையிலிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் பயணத்தை வாய்க்கப்பண்ணி, சுகமாய் வீடு சேர்ப்பாராக.