சுவரைத் தாண்டும் சத்தம்

தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சந்துகளில் பல வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான். அங்கே சங்கு குளித்து ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர் வீட்டில் போன மாதம் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தவணையில் வாங்கிய ஹோம் தியேட்டர். திரையில் துப்பாக்கி வெடித்தால் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் அதிர்கிறது. அடுத்த காட்சியில் இருவர் மெதுவாகப் பேசினால், "என்ன சொல்றான்?" என்று மனைவியைக் கேட்டபடி ரிமோட்டை எடுக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை உள்ள வீடு.

"காது எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

"சத்தம் கேக்கும் தம்பி. வார்த்தைதான் பிரியாது."

கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். நடுக்காதுக்குள் அதற்கு ஈடான காற்று போய்ச் சேராவிட்டால் செவிப்பறை கிழியலாம், உட்காதும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த அலைவரிசைகள். 'ச', 'ட', 'ப' போன்ற மெய்யொலிகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து வெடிச்சத்தமும் ஏறுகிறது. தாழ்ந்த அலைவரிசைக்குச் சுவர் ஒரு தடையே இல்லை.

ரிமோட்டை வாங்கி, செட்டிங்ஸ் திறந்தேன். கடைப்பையன் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பேச்சு முக்கால்வாசி வருவது டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில். அதன் லெவலை மட்டும் 4 டெசிபல் கூட்டினேன், சப்வூஃபரை 6 டெசிபல் குறைத்தேன். 'நைட் மோட்' போட்டேன். சில கருவிகளில் இதற்கு 'டைனமிக் ரேஞ்ச்' அல்லது 'டிஆர்சி' என்று பெயர். வெடிச்சத்தத்தை அமுக்கி, முணுமுணுப்பைத் தூக்கித் தருவது இதன் வேலை. பொதுச் சுவரை ஒட்டியிருந்த சப்வூஃபரை நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம். முன்பைவிட வால்யூம் பத்துப் புள்ளி குறைந்திருந்தது. வசனம் புரிகிறது என்றார். மெனுவில் 'மேக்ஸிமம் வால்யூம்' என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் ரிமோட் போகும் வீடுகளில் இது அவசியம்.

ரிசீவரில் வால்யூம் மைனஸ் கணக்கில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மைக் வைத்து அளவுசெய்த கருவியில் பூஜ்யம் என்பது திரையரங்கின் அளவு. உச்சத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 105 டெசிபல் வரை போகும். சின்ன அறைக்கு அது ஆகாது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனி சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். சொந்த வீட்டில் வைத்த ஒலிக்கருவியானாலும், வீட்டு எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. விருப்பமில்லாதவர் காதில் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்குத் தூக்கமும் தொழிலில் சேர்த்திதான். முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 112-க்கு அழைக்கலாம், காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் தரலாம்.

வாங்கும்போது ஏமாறுவதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு, பக்கத்தில் 'பிஎம்பிஓ' என்றிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அதை அளக்க ஒத்துக்கொள்ளப்பட்ட முறை எதுவும் கிடையாது. 'ஆர்எம்எஸ்' எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று கேளுங்கள். 'ஆர்' எண்ணோடு கூடிய பிஐஎஸ் பதிவு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை அந்த உரிமை உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் இந்த உரிமை போய்விடாது.

கடையில் தீரவில்லையென்றால் 1915-க்கு அழையுங்கள், இலவசம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஆன்லைனில் எந்த ஊர்க் கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் தூத்துக்குடியிலேயே போடலாம். அண்ணாச்சி பில்லைத் தொலைத்துவிட்டார். தவணை ரசீதும் பணம் போன குறுஞ்செய்தியும் சான்றாகும் என்றேன். பெட்டியைக்கூட எறிய வேண்டாம் என்றேன்.

உப்புக்காற்று ஊரில் இன்னொரு ஆபத்து உண்டு. ஸ்பீக்கர் ஒயரின் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். மின்சாரத்தை நிறுத்தி, நுனியை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள். பிரிந்த இழை ஒன்று பக்கத்து முனையில் பட்டாலும் ஆம்பிளிஃபயர் போய்விடலாம். உப்பு படாமல் இருக்கட்டும் என்று ரிசீவர் மேல் பூத்துணி போர்த்துகிறார்கள். ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள், சூடு வெளியே போக வழி வேண்டும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸ் மாற்றியதால் அண்ணாச்சியின் காது குணமாகிவிடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். குறைபாட்டுச் சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் காதுக்கருவி இலவசமாக வாங்கலாம். திங்கட்கிழமை மனைவியோடு போவதாகச் சொன்னார்.