தொட்டிச் செடியைத் தொடுமுன்

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும் என்று சமையலறைக்குத் தெரியும். புளி சேர்த்து வேகவைப்பது அதனால்தான். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைஃபன்பேக்கியாவை, இலையில் வெள்ளைத் திட்டுகள் அழகாக இருக்கின்றன என்று வாங்கி வந்து குழந்தை எட்டும் உயரத்தில் வைத்துவிடுகிறோம். இரண்டிலும் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். தண்டு நசுங்கினால் அவை வெளியேறித் தோலில் தைக்கும். மென்றுவிட்டால் உதடும் நாக்கும் வீங்கும். வீக்கம் தொண்டைக்குப் பரவினால் மூச்சுவிடுவதே சிரமம். மணி பிளான்ட், கலேடியம், ஆந்தூரியம் எல்லாவற்றிலும் இதே ஊசிகள் உண்டு.

இவற்றைவிட நான் அதிகம் அஞ்சுவது யூஃபோர்பியா இனத்தின் பாலுக்குத்தான். முள் நிறைந்த தண்டில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ பூக்கும் மடகாஸ்கர் செடி, வேலியிலிருந்து இப்போது தொட்டிக்கு வந்துவிட்ட திருகுகள்ளி இரண்டும் இந்த இனமே. பால் பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே தோல் சிவந்து எரியும், கொப்புளிக்கும். கவாத்து செய்யும்போது கையுறை போட்டவர்கூட அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பார். பால் கண்ணுக்குப் போய்விடும். கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கலாம். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடவே கூடாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் பாயின்செட்டியாவும் இதே இனம்தான் என்றாலும், அதன் பால் பலர் பயப்படும் அளவுக்குக் கடுமையானதல்ல.

செவ்வந்தியின் கதை வேறு. அது தொடும் எல்லோரையும் தாக்குவதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களை மட்டும் விடாமல் துரத்தும். சாலையோரம் முளைக்கும் பார்த்தீனியமும் அதே குடும்பம் என்பதால், அதற்கு ஒவ்வாதவர்களுக்குச் செவ்வந்தியும் சேராமல் போகலாம். பூக்கட்டுபவர்களுக்கும் தோட்ட வேலை செய்பவர்களுக்கும் விரல் நுனி வெடித்து அரிப்பது திரும்பத் திரும்ப வந்தால், கடையில் கேட்டு வாங்கும் களிம்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தோல் மருத்துவரிடம் தினமும் தொடும் செடிகளின் பெயரைச் சொன்னால், முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து எது ஒவ்வாதது என்று அவரால் கண்டுபிடிக்க முடியும்.