முக்காலியில் தொடங்கிய போர்

1637ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் புதிய வழிபாட்டு நூலொன்றை வாசிக்கத் தொடங்கினர். உடனே கூச்சல் எழுந்தது. முக்காலிகள் பறந்தன. முதல் முக்காலியை எறிந்தவர் சந்தையில் கடை வைத்திருந்த ஒரு பெண் என்பது வழிவழியாக வரும் கதை. ஒரு நூலின்மீது ஏன் இவ்வளவு சினம்?

அக்காலத்தில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் முதலாம் சார்லஸ் என்ற ஒரே மன்னர் ஆண்டார். எனினும், இரு நாடுகளுக்கும் தனித்தனி நாடாளுமன்றமும் திருச்சபையும் இருந்தன. ஸ்காட்லாந்து மக்கள் ஆடம்பரமற்ற வழிபாட்டை விரும்பினர். சபையின் முடிவுகளைக் குருமாரும் மூப்பர்களும் கூடிப் பேசி எடுக்க வேண்டும் என்று எண்ணினர். தம் அதிகாரம் இறைவன் தந்தது என்று நம்பிய சார்லஸோ, அவர்களது நாடாளுமன்றத்தையும் திருச்சபைப் பேரவையையும் கலந்து பேசாமலேயே இங்கிலாந்து முறையை ஒட்டிய அந்நூலைத் திணித்தார். கத்தோலிக்க முறை திரும்பி வருகிறது என்ற அச்சம் பரவியது. 1638 பிப்ரவரியில், தங்கள் சமயத்தைக் காப்பதாக அவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். மன்னரையும் காப்போம் என்று அதிலேயே எழுதியிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. மன்னருக்கு அது கலகமாகவே பட்டது.

படை திரட்டப் பணம் வேண்டும். சார்லஸ் 1629 முதல் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் செலுத்திவந்த 'கப்பல் வரி'யை, அமைதிக் காலத்தில் உள்நாட்டிலும் வசூலித்துவந்தார். அதை எதிர்த்து ஜான் ஹாம்ப்டன் நடத்திய வழக்கில், 12 நீதிபதிகளுள் எழுவர் மட்டுமே மன்னர் பக்கம் நின்றனர்.

வேறு வழியின்றி, 1640 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கூட்டிய மன்னர், உறுப்பினர்கள் குறைகளை அடுக்கவே, மூன்றே வாரங்களில் அதைக் கலைத்தார். ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் படை நியூகாசல் நகரைப் பிடித்தது. அப்படைக்கு நாளொன்றுக்கு 850 பவுண்டு தர மன்னர் இசைய வேண்டியதாயிற்று. நவம்பரில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. இம்முறை அதைக் கலைக்க அவரால் முடியவில்லை.

மறு ஆண்டே கப்பல் வரி ஒழிந்தது. வரியை எதிர்ப்பதில் உறுப்பினர்களிடையே பிளவில்லை. ஆனால், ஆயர் பதவி நீடிக்கலாமா என்ற கேள்வி எழுந்ததும் அவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். பழைய திருச்சபை முறை குலையக்கூடாது என்று கருதிய பலர் மன்னர் பக்கம் சாய்ந்தனர். 1641இல் அயர்லாந்தில் கலகம் வெடித்தபோது, படை யார் கையில் இருப்பது என்ற சச்சரவும் சேர்ந்துகொண்டது. தனித்து நின்ற மன்னருக்கு இப்போது போரிடும் அளவுக்கு ஆதரவாளர்கள் இருந்தனர். 1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30இல் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.