முன்னச்சு நடுக்கம்

முன்னச்சு நடுக்கம் என்பது, முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திண்ம அச்சால் இணைக்கப்பட்ட ஊர்திகளில் குறிப்பிட்ட வேகத்தில் திடீரெனத் தோன்றும் கடுமையான அதிர்வு ஆகும். ஜீப் வகை ஊர்திகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. சக்கரங்கள் இடமும் வலமுமாக விரைந்து ஆடும். அச்சு இருபுறமும் மாறி மாறிச் சாயும். ஸ்டியரிங் எனப்படும் திசைமாற்றி ஓட்டுநரின் கையில் நில்லாமல் உதறும். மரண ஆட்டம் எனப் பொருள்படும் டெத் வாபிள் என்னும் ஆங்கிலப் பெயரும் இதற்கு உண்டு. சக்கரச் சமநிலைக் குறைவால் உண்டாகும் இலேசான அதிர்வைப் போலன்றி, இது தொடங்கியபின் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்த பின்னரே அடங்கும்.

இயங்குமுறை

கடைகளில் உள்ள தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளும்போது அதன் சிறு சக்கரம் இருபுறமும் படபடவென ஆடுவதைக் காணலாம். திரும்பக்கூடிய எந்தச் சக்கரத்திற்கும் இந்த இயல்பு உண்டு. வானூர்திகளின் முன்சக்கரத்திலும் இது நிகழ்வதுண்டு. திண்ம முன்னச்சு உள்ள ஊர்தியில் இதனுடன் ஜைரோஸ்கோப் விளைவும் சேர்ந்துகொள்கிறது.

சுழலும் பம்பரத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால், அது தள்ளிய திசையில் சாயாமல் அதற்குச் செங்குத்தான திசையில் விலகும். சுழலும் சக்கரமும் அவ்வாறே நடந்துகொள்கிறது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது அச்சு முழுவதும் சாய்கிறது. அதனுடன் இரு சக்கரங்களும் சாய்கின்றன. இச்சாய்வு இரு சக்கரங்களையும் ஒரே பக்கமாகத் திருப்ப முயல்கிறது. சக்கரங்கள் திரும்பியவுடன், அத்திருப்பம் அச்சை மீண்டும் சாய்க்க முயல்கிறது. இவ்வாறு சாய்வு திருப்பத்தையும், திருப்பம் சாய்வையும் தூண்டும் ஒரு சுற்று உருவாகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் உராய்வும் அதிர்வடக்கிகளும் இச்சுற்றை உடனே அடக்கிவிடும். இணைப்புகளில் தளர்வு இருந்தால், அந்த இடைவெளிக்குள் சக்கரங்கள் தடையின்றி ஆடத் தொடங்கி, அதிர்வு பெருகும்.

இது ஏன் குறிப்பிட்ட வேகத்தில் தோன்றுகிறது என்பதை ஒரு எளிய கணக்கால் அறியலாம். ஏறத்தாழ 73 செ.மீ. விட்டமுள்ள ஜீப் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.3 மீட்டர் செல்லும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். எனவே அவ்வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 அல்லது 9 முறை சுழல்கிறது. டயர்களின் மீள்தன்மையில் அச்சு துள்ளும் இயல்பான அதிர்வெண்ணும் பொதுவாக நொடிக்கு 10 முறைக்கு அருகில் உள்ளது. இரண்டும் நெருங்கும்போது, சிறு சமநிலைக் குறைவுகூட ஒத்ததிர்வால் பெரிதாகி நடுக்கத்தைத் தொடங்கி வைக்கப் போதுமானது.

வரலாறு

இச்சிக்கல் ஜீப்புகளுக்கு முற்பட்டது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவியபோது, அக்காலத் தானுந்துகளில் முன்சக்கர நடுக்கம் பெருஞ்சிக்கலானது. முன்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் தனித் தொங்கல் முறை உருவாக இதுவும் ஒரு காரணமாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1934 ஆம் ஆண்டுத் தானுந்துகளில் இம்முறையை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனத்தின் பொறியாளர் மாரிஸ் ஆலி இதில் முக்கியப் பங்காற்றினார்.

எனினும் கரடுமுரடான பாதைகளுக்கு உறுதியான திண்ம அச்சே ஏற்றதெனக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் அவ்வாறே அமைக்கப்பட்டது. அதன் வழிவந்த மகிந்திரா ஜீப்புகளும், 1985 இல் வெளிவந்த மாருதி ஜிப்சியும் கமான் பட்டை எனப்படும் பட்டைவில்லுடன் கூடிய திண்ம முன்னச்சைக் கொண்டவை. 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் தனித் தொங்கல் முறையைக் கொண்டது. 2023 இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி ஜிம்னி சுருள்வில்லுடன் கூடிய திண்ம முன்னச்சையே கொண்டுள்ளது. புதிய ஊர்திகளும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2018 இல் வெளிவந்த ஜீப் ராங்லர் தலைமுறையில் முறையீடுகள் எழுந்ததால், 2019 இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் அதன் திசைமாற்றி அதிர்வடக்கியை மாற்றித் தர முன்வந்தது.

மலைப்பாதையும் சமவெளியும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களின் நில அமைப்பு, இந்நடுக்கத்தின் ஒரு முக்கிய இயல்பை விளக்க உதவுகிறது. தேய்மானம் ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் நிகழ்கின்றன.

மலையடிவாரத் தோப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் செல்லும் கல் நிறைந்த பாதைகளில் ஜீப் மணிக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவது அரிது. ஒவ்வொரு கல்லும் திசைமாற்றி இணைப்புகளைத் தட்டுகிறது. சூன் முதல் ஆகத்து வரையிலான சாரல் காலத்தில் ஓடைகளைக் கடக்கும்போது நீரும் மணலும் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீசைக் கெடுக்கின்றன. ஆயினும் குறைந்த வேகத்தில் நடுக்கம் தோன்றுவதில்லை என்பதால் தேய்மானம் ஓட்டுநருக்குப் புலப்படுவதில்லை.

அதே ஊர்தி செங்கோட்டை வழியாகச் செல்லும் கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 இலோ, தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாலையிலோ 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது நிலைமை மாறுகிறது. பாலத்தின் இணைப்பு விளிம்போ சிறு பள்ளமோ நடுக்கத்தைத் தொடங்கி வைக்கலாம். எனவே மலையில் குறையின்றி ஓடியது என்பது சமவெளியில் பாதுகாப்பாக ஓடும் என்பதற்குச் சான்றாகாது.

காரணிகள்

பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்தே நடுக்கத்தை உண்டாக்குகின்றன.

- கிங் பின் பேரிங்குகள் அல்லது பால் ஜாயிண்டுகளின் தேய்மானம்
- டை ராட், டிராக் லிங்க் ஆகியவற்றின் முனைகளில் தளர்வு
- சுருள்வில் ஊர்திகளில், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்டு தண்டின் புஷ் தேய்தல் அல்லது போல்ட் துளை அகலமாதல்
- பட்டைவில் ஊர்திகளில், ஷாக்கிள் புஷ்கள் தேய்தல், யு போல்ட்டுகள் தளர்தல்
- சக்கர பேரிங்கில் அல்லது ஸ்டியரிங் பெட்டியில் தளர்வு
- டயர்களின் சமநிலைக் குறைவு, சீரற்ற தேய்மானம், தவறான காற்றழுத்தம்
- ஊர்தியின் உயரத்தைக் கூட்டுதல், பெரிய டயர்களைப் பொருத்துதல்

கடைசிக் காரணி தனியே கவனிக்கத்தக்கது. நீளமான சுருள்வில்லைப் பொருத்தி ஊர்தியை உயர்த்தினால், தொங்கல் தண்டுகளின் கோணம் மாறி அச்சு முன்னோக்கிச் சுழல்கிறது. இதனால் காஸ்டர் கோணம் குறைந்து, சக்கரங்கள் தாமே நேர்நிலைக்குத் திரும்பும் தன்மை குன்றுகிறது. எடை மிகுந்த பெரிய டயர்கள் ஜைரோஸ்கோப் விளைவைக் கூட்டுகின்றன. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பில் இதை வலியுறுத்தியது.

நடுக்கம் தோன்றும்போது செய்யவேண்டியவை

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, வேகம் படிப்படியாகக் குறைய விடவேண்டும். பெருவிரல்களை வளையத்தின் உட்புறம் கோத்துக்கொள்ளக் கூடாது; திடீர் உதறலில் விரல் காயமடையலாம். நடுக்கத்திற்கு எதிராக இடமும் வலமும் திருப்ப முயல்வதும், பிரேக்கைத் திடீரென அழுத்துவதும் நிலைமையை மோசமாக்கக்கூடும். பின்வரும் ஊர்திகளைக் கவனித்துச் சாலையின் இடப்புற ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

நின்றபின் ஊர்தி மீண்டும் இயல்பாக ஓடுவது ஏமாற்றம் தரும் அறிகுறியாகும். அதிர்வு நின்றாலும் தளர்வு அப்படியே இருக்கிறது. மேலும், ஒவ்வொரு நடுக்கமும் இணைப்புகளை இன்னும் தளர்த்துகிறது.

சோதனையும் பழுதுநீக்கமும்

எளிய சோதனைக்கு இருவர் தேவை. ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கும் நிலையிலேயே ஒருவர் திசைமாற்றியை இருபுறமும் சிறிதளவு ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு தண்டு அசைந்தபின் அதனுடன் இணைந்த பகுதி தாமதித்து அசைந்தால் அவ்விணைப்பு தேய்ந்துள்ளது எனலாம். அடுத்து, முன்னச்சை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தியபின், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டி கிங் பின், பேரிங் ஆகியவற்றின் தளர்வை அறியலாம்.

திசைமாற்றி அதிர்வடக்கியை மட்டும் மாற்றினால் நடுக்கம் சில காலம் மறையக்கூடும். தேய்ந்த உறுப்புகள் மாற்றப்படாதவரை அது மீண்டும் தோன்ற வாய்ப்புண்டு. எனவே முதலில் தளர்வைக் கண்டறிந்து நீக்கி, பின்னர் சக்கரச் சமநிலையையும் அலைன்மென்டையும் சரிசெய்து, இறுதியில் அதிர்வடக்கியைச் சோதிப்பதே முறையான வரிசையாகும்.

இவற்றையும் பார்க்க

- ஒத்ததிர்வு
- ஜைரோஸ்கோப்
- நாற்சக்கர இயக்கம்
- தனித் தொங்கல் முறை