பறவையா, தூசியா?

மைசூரு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் விடியற்காலையில் கேமராவுடன் நிற்போர் பலர். நீர்ப்பரப்பின்மேல் கூழைக்கடாக்கள் சிறகு விரித்துப் பறப்பதை அவர்கள் படமெடுப்பர். வீடு திரும்பிப் படத்தைப் பெரிதாக்கினால், வானத்தில் மங்கலான கரும்புள்ளி ஒன்று தெரியும். தொலைவில் பறக்கும் மற்றொரு பறவையோ என ஐயம் எழும். அடுத்தடுத்த படங்களிலும் அப்புள்ளி அதே இடத்தில் இருந்தால், அது கேமராவுக்குள் புகுந்த தூசியே ஆகும்.

டிஜிட்டல் கேமராவில் படச்சுருளுக்கு மாற்றாக ‘சென்சார்’ எனப்படும் ஒளியுணரி உள்ளது. 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்ட ஒளியுணரியில் 2.4 கோடி ஒளிப்புள்ளிகள் அமைந்தால், ஒவ்வொன்றின் அகலமும் 0.006 மி.மீ. மட்டுமே. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத துகளும் படத்தில் கறையாகும். தசரா ஊர்வலம் போன்ற கூட்டத்தில், புழுதிக்கிடையே லென்சைக் கழற்றி மாற்றும்போது தூசி எளிதில் உட்புகும். அது ஒளியுணரியின் முன்னுள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டில் படியும்.

தூசியைக் கண்டறிய, லென்சின் துளையை எஃப்/16 அளவிற்குச் சுருக்கி, வெள்ளைத் தாளையோ தெளிந்த வானத்தையோ படமெடுக்க வேண்டும். துளை சிறிதானால் தூசியின் நிழல் கூர்மையாக விழும். ஒளியுணரியில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளிக்குரிய தூசி ஒளியுணரியின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

தூய்மை செய்யும் முறை வருமாறு:

1. கேமராவிலேயே அதிர்வினால் தூசியை உதிர்க்கும் வசதி இருந்தால், முதலில் அதனை இயக்குக. 2003ஆம் ஆண்டில் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் இவ்வசதி அமைந்தது.
2. தூசி நீங்காவிடில், பெரியோர் துணையுடன் தூசியற்ற அறையில் பணியைத் தொடர்க. பேட்டரி முழுமையாக மின்னேற்றப்பட்டிருத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தீர்ந்தால் உட்கதவு மூடிக்கொண்டு பழுதடையலாம்.
3. தூய்மைக்குரிய அமைப்பைத் தேர்ந்து, லென்சைக் கழற்றுக. கேமராவின் வாய் தரையை நோக்கியிருக்க, இரப்பர் ஊதுபந்தால் காற்றைச் செலுத்துக. பந்தின் முனை உள்ளே செல்லலாகாது.
4. லென்சைப் பொருத்தி, மீண்டும் படமெடுத்துச் சோதிக்க.

வாயால் ஊதுதல் கூடாது. எச்சில் துளி படிந்து புதிய கறை உண்டாகும். புட்டியில் அடைத்த காற்றும் கூடாது. அதிலுள்ள திரவம் தெறித்துவிடும். துணியால் துடைத்தால் கீறல் விழும். ஒட்டிக்கொண்ட எண்ணெய்க் கறையை நீக்குவது பயிற்சி பெற்றோரின் பணி.

ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பும் திருவிழாப் படம் தெளிவாக இருத்தல் வேண்டும். ஓர் ஊதுபந்தும் சிறிது பொறுமையும் அதற்குப் போதும்.

அருஞ்சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
புழுதி – மண்தூள்
பிம்பம் – உருவத்தின் சாயல்

வினாக்கள்
1. படத்தில் தெரியும் புள்ளி பறவையா, தூசியா என்பதை எவ்வாறு அறியலாம்?
2. வாயால் ஊதுவது ஏன் தவறு?
3. உன் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தூய்மை செய்யும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.